டிரையர் சுழலவில்லையா?

ஐப்பசி மழையில் பல்லடத்து மாடிக்கொடியை நம்பித் துணி துவைக்க இயலாது. பிள்ளைகளின் சீருடைகள் ஈரமாய்க் கிடக்க, சலவை இயந்திரத்தின் டிரையர் முனகியதேயன்றிச் சுழலவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்தகட்டைக் கழற்றினேன். டிரையரின் மூடியைத் திறந்தால் பிரேக் பிடிக்கும். மூடினால் ஒரு கம்பி இழுபட்டு அது விடும். மூடியிருந்தும் மோட்டாரின் மேற்சக்கரம் கைக்கு அசையவில்லை. தளர்ந்திருந்த கம்பியை ஒரு துளை தள்ளி மாட்டியதும் எளிதாய்ச் சுற்றியது. (அப்படிச் சுற்றியும் மோட்டார் முனகினால் பெரும்பாலும் கண்டன்சர் பழுதாயிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அதில் மின்சாரம் தங்கும், தொடாதீர்கள்.)

தகட்டை மூடப்போகையில்தான் மற்றொன்று கண்ணில் பட்டது. முன்பு பழுது பார்த்தவர், மூடி சுவிட்சின் இரு ஒயர்களையும் சேர்த்து முறுக்கிவிட்டிருந்தார். மூடியைத் திறந்தாலும் மோட்டாருக்கு மின்சாரம் நிற்காது! துணி எடுத்துத் தருகிறேன் என்று ஓடிவருபவள் என் ஐந்து வயது மகள். அல்லாஹ் காத்தான்.

புதிய சுவிட்சைப் பொருத்தும்வரை டிரையரை ஓட்டவில்லை. சீருடைகள் மறுநாள் அரை ஈரத்துடனேயே பள்ளிக்குச் சென்றன.