தெரிந்துகொண்டு என்ன செய்வீர்கள்?

துப்பறியும் கதையில் குற்றவாளி யாரென்று தெரிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிற பழக்கம் எனக்கு வெகுகாலம் இருந்தது. சங்கர்லால், கணேஷ் வசந்த், விவேக் என்று பள்ளிப் பருவத்தில் வாடகை நூலகத்திலிருந்து எடுத்து வந்ததையெல்லாம் அப்படித்தான் படித்தேன். உண்மை வெளியே வந்துவிட்டது, அதற்கு மேல் என்ன இருக்கிறது? அதற்கு மேல்தான் எல்லாமே இருக்கிறது என்று ஒரு நாவல் எனக்குக் காட்டியது. ஜாக்குலின் வின்ஸ்பியர் எழுதிய ‘மேஸி டாப்ஸ்’. 2003இல் வெளியானது. நான் படிப்பதற்குள் எனக்கு அது பயன்பட்டிருக்கவேண்டிய காலம் போய்விட்டது.

கதை 1929இல் லண்டனில் தொடங்குகிறது. மேஸி, தள்ளுவண்டியில் காய்கறி விற்றவரின் மகள். சிறுமியாக ஒரு பிரபுவின் மாளிகையில் வேலைக்காரியாகச் சேர்ந்து, இரவில் திருட்டுத்தனமாக அந்த வீட்டு நூலகத்தில் படித்தவள். மாரிஸ் பிளாஞ்ச் என்ற அறிஞர் அவளுக்கு ஆசானாகிறார். கேம்பிரிட்ஜ் வரை போகிறாள். முதல் உலகப் போர் வருகிறது. தொண்டர் செவிலியராக வெளிநாட்டுக்குப் போக 23 வயது ஆகியிருக்கவேண்டும். மேஸி வயதைக் கூட்டிச் சொல்லி பிரான்ஸுக்குப் போகிறாள். போர்முனைக்குச் சற்றுப் பின்னால், காயம்பட்டவர்களைக் கூடாரத்தில் கிடத்தி அறுவைச் சிகிச்சை செய்யும் இடத்தில் வேலை. திரும்பி வந்தவள், ஆசான் ஓய்வு பெற்ற பிறகு தனியாக ஒரு துப்பறியும் அலுவலகம் திறக்கிறாள். பிரிட்டனின் 1921 கணக்கெடுப்பில் ஆண்களைவிடப் பெண்கள் 17 லட்சத்துக்கும் மேல் அதிகம். வாழ்க்கையைத் தாங்களாகவே அமைத்துக்கொள்ளவேண்டியிருந்த அந்தத் தலைமுறைப் பெண்களில் ஒருத்தி அவள்.

அவளிடம் கிறிஸ்டோபர் டாவன்ஹாம் என்பவர் வருகிறார். மனைவி அடிக்கடி எங்கோ போய்வருகிறாள், வேறொருவன் இருக்கிறானோ என்று சந்தேகம். நமக்குப் பழகிய தொடக்கம்தான். ஆனால் மேஸி அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். உங்கள் மனைவி எங்கே போகிறார் என்று நான் கண்டுபிடித்துச் சொன்னால், அதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?

அந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அன்று மேலே படிக்க முடியவில்லை.

எங்கள் பெரியப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று மதுரையில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தவர். மாதம் ஒருமுறை, பென்ஷன் வந்த கையோடு, மிலிட்டரி கேண்டீனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவார். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். கையில் ஒரு ரெக்ஸின் பை. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கேண்டீனுக்குப் போனவர் ஒரு சோப்புகூட வாங்காமல் திரும்புவதை நான்தான் முதலில் கவனித்தேன். ஒருநாள் அந்தப் பையைத் திறந்தும் பார்த்தேன். ஒரு துண்டு, ஷேவிங் செட். கேண்டீனுக்குப் போகிறவருக்கு ஷேவிங் செட் எதற்கு?

அடுத்த மாதம் அவர் பின்னாலேயே போனேன். அவர் ஏறிய திண்டுக்கல் பேருந்துக்கு அடுத்ததில் ஏறி, இறங்கித் தேடித் தோற்று, அதற்கு அடுத்த மாதம் மறுபடி போய், ஒரு சந்துக்குள் அவர் நுழைவதைப் பார்த்தேன். ஓட்டு வீடு. ஒரு பெண் கதவைத் திறந்து, கேட்காமலே அவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. வீடு திரும்பும்போது வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய். கண்டுபிடித்துவிட்டேன் என்று பூரிப்பாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெரியம்மாவிடம் சொன்னார்.

அடுத்தமுறை அவர் கிளம்பிய பிறகு நாங்கள் மூவரும் போனோம். வழிகாட்டியது நான். பெரியம்மா வாசலில் நின்று கத்திய கத்தலில் சந்தே கூடிவிட்டது. அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் கதவை முழுவதுமாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

உள்ளே கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா வயதுதான் இருக்கும். இரண்டு கைகளும் முழங்கைக்குக் கீழே இல்லை. கண் இருந்த இடத்தில் தோல் இழுத்து ஒட்டியிருந்தது. முகத்தில் பாதி மழித்து முடிந்திருந்தது, மறுபாதியில் சோப்பு நுரை. பெரியப்பா கையில் ரேஸரோடு நின்றுகொண்டிருந்தார். கட்டிலில் இருந்தவர் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, “யாருடா வந்திருக்கா?” என்று கேட்டார். பெரியப்பா பதில் சொல்லவில்லை. எங்களைப் பார்க்கவும் இல்லை. அவருடைய தாடையை மெல்லப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு மீதிப் பாதியையும் மழித்தார். மூக்குக்குக் கீழே, உதட்டோரம், காதோரம். அவசரப்படவே இல்லை. பெரியம்மாவின் குரல் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா துண்டை நனைத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, ரேஸரைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். பேருந்தில் எங்களோடு உட்காரவில்லை.

பெரியப்பாவும் அவரும் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் ஒன்றாக இருந்தவர்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டபோது அங்கே இருந்திருக்கிறார்கள். நண்பர் விழுந்தது கண்ணிவெடியில். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. ராணுவத்துக்குப் போடும் கடிதத்தில் ‘56 ஏ.பி.ஓ.’ என்றுதான் முகவரி இருக்கும், ஆள் எங்கே இருக்கிறார் என்று அது காட்டாது. பஞ்சாபில் இருப்பதாக எழுதியிருந்தார், பெரியம்மாவும் நம்பினார். தமிழன் தமிழர்கள் மேல் துப்பாக்கி நீட்டப் போனான் என்று அன்றைக்கு ஊரே பேசியது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலும் அந்தப் பேச்சு நடந்திருக்கிறது, அவர் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னையில் வந்து இறங்கியபோது, முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்தப் போரைப் பற்றி யார் சரி, யார் தவறு என்று இங்கே நான் சொல்ல வரவில்லை. அதில் சிதைந்து வந்த ஒரு மனிதர் தன்னை யாரும் பார்க்கவேண்டாம் என்று விரும்பினார், ஒரே ஒருவரைத் தவிர. அதை நான் உடைத்தேன்.

இனி வரவேண்டாம் என்று அந்த வீட்டிலிருந்து கடிதம் வந்தது. சந்தில் பேச்சாகிவிட்டது, அவர் யாருக்கும் முகம் காட்ட மறுக்கிறார் என்று எழுதியிருந்தது. பெரியப்பா அதற்குப் பிறகு போகவில்லை. பெரியம்மாவை வருத்தியது வேறு. இத்தனை வருஷம் தப்பான திசையைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறேனே என்று ஒரேயொரு முறை அம்மாவிடம் சொன்னாராம். என்னை யாரும் திட்டவில்லை. பெரியப்பா என்னோடு வழக்கம்போலப் பேசினார். ஆனால் ரெக்ஸின் பையை எங்கே வைத்தார் என்று அதன் பிறகு நான் பார்த்ததில்லை.

நாவலுக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆயின. டாவன்ஹாமின் மனைவி போவது ஒரு கல்லறைக்கு. கல்லில் ‘வின்சென்ட்’ என்ற பெயர் மட்டும், குடும்பப் பெயர் இல்லை. போரில் முகம் சிதைந்து, தன்னைப் போன்றவர்களோடு ஊருக்கு ஒதுங்கி ஒரு பண்ணையில் வாழ்ந்தவன் அவன். அங்கிருந்துதான் மர்மம் விரிகிறது. இது வின்ஸ்பியர் கற்பனையில் மட்டும் நடந்ததல்ல. அப்படிப்பட்டவர்களுக்காக 1917இல் லண்டனுக்கு அருகே சிட்கப்பில் தனி மருத்துவமனையே திறந்தார்கள். ஹெரால்ட் கில்லீஸும் அவருடைய குழுவினரும் 5,000க்கும் மேற்பட்டவர்களின் முகங்களைத் தைத்துச் சீராக்கியது அங்கேதான். ஊருக்குள் போகும் வழியில் அவர்கள் உட்காரும் பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்களாம். எதிரே வருகிறவர்கள் முன்கூட்டியே மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள. வின்ஸ்பியரின் தாத்தாவும் 1916 சோம் போரில் படுகாயம் பட்டவர். அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் இப்படி எழுத வரும் என்று நினைக்கிறேன்.

மேஸியும் பின்தொடர்கிறாள். பொய்க் காரணம் சொல்லி அந்தப் பெண்ணோடு பழகுகிறாள். நான் செய்யாத எதையும் அவள் செய்துவிடவில்லை என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் கண்டதைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அந்தப் பெண்ணின் துக்கத்தின் அருகே உட்கார்ந்து கேட்கிறாள். வழக்கு முடிந்த பின்னும், அதில் தொடர்புடைய இடங்களுக்கும் மனிதர்களிடமும் மறுபடி போய்ப் பார்த்துவிட்டுத்தான் கோப்பை மூடுகிறாள். மேஸியின் கதை ஒரு தொடராக நீண்டு, 2024இல் 18ஆவது நாவலோடு முடிந்தது. பின்னால் வரும் கதையில், இரண்டாம் உலகப் போரின்போது, லண்டன் மேல் குண்டு விழும் இரவுகளில் மேஸி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். எல்லாவற்றையும் படித்தேன், கடைசிப் பக்கம் வரை. படித்த தைரியத்தில் ஒருமுறை திண்டுக்கல் போனேன். அந்தச் சந்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. யாருக்கும் அவர்களைத் தெரியவில்லை.

போன வருஷம் தூரத்து உறவில் ஓர் அக்கா போன் செய்தார். மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம், பையன் நான் இருக்கும் ஊரில் வேலை பார்க்கிறானாம். “கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன். எதையோ மறைக்கிறாங்கன்னு தோணுது” என்றார். பெண்ணைக் கொடுக்கிறவர் விசாரிக்கத்தான் வேண்டும், அதில் தவறில்லை. ஆனாலும் கேட்டேன்: “அக்கா, ஏதாவது தெரிஞ்சா என்ன செய்வீங்க? யார் யார்கிட்ட சொல்வீங்க?”

“இதென்ன கேள்வி?” என்றார் கோபமாக. நான் பதிலுக்குக் காத்திருந்தேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.