பதின்மூன்று நாள் இடைவெளி

1690 ஆகஸ்ட் 21 அன்று ஹாப்ஸ்பர்க் பேரரசர் லியோபோல்ட் செர்பியர்களுக்கு ஒரு சாசனம் கொடுத்தார். துருக்கிப் படைக்கு அஞ்சி, தலைமைக் குரு ஆர்செனியேயின் பின்னால் வடக்கே ஹங்கேரிக்குள் பெயர்ந்தவர்கள் அவர்கள். வழிபாட்டு உரிமை, தலைமைக் குருவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாம் சாசனத்தில் உண்டு. என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு சிறு சலுகை: பழைய ஜூலியன் நாட்காட்டிப்படியே அவர்கள் நாள் பார்த்துக்கொள்ளலாம். வீடு வாசலை விட்டு வந்தவர்கள் நாள் கிழமையை மட்டும் விடவில்லை.

புடாபெஸ்டுக்குத் தெற்கே டான்யூபின் நடுவில் செபெல் தீவு. அதில் ஆற்றோரமாக லோரேவ் என்ற சிற்றூர். எதிர்க்கரை ஆடோனிக்குப் படகு போகிறது. 1848இல் ஒடோன் ஸிச்சி பிரபுவைத் தூக்கிலிட்ட இடம் என்று சரித்திரம் இந்த ஊரை எழுதிவைத்திருக்கிறது. ஹங்கேரியில் செர்பியர் பெரும்பான்மையாக இருக்கும் ஒரே ஊர் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. இருப்பதே சுமார் 300 பேர்.

இதே தீவுக்கு 1440இலேயே கோவின் நகரத்துச் செர்பியர்கள் அகதிகளாக வந்து ராட்ஸ்கெவேயில் குடியேறினார்கள். அன்று ஐரோப்பா முழுவதற்கும் டிசம்பர் 25 ஒன்றுதான். 1582இல் போப் கிரெகரி நாட்காட்டியிலிருந்து பத்து நாளைத் தள்ளினார். பழைய நாட்காட்டிக்கும் புதியதற்கும் நடுவிலான இடைவெளி அதோடு நிற்கவில்லை. 1700இல் பதினொன்று, 1800இல் பன்னிரண்டு, 1900இல் பதின்மூன்று. அடுத்தடுத்த வீட்டுச் செர்பியரும் ஹங்கேரியரும் ஓர் அடி நகராமலே, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் விலகிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

இதனால் ஜனவரி 6 விசித்திரமான நாளாகிவிட்டது. ஹங்கேரிய வீடுகளில் அன்று கிறிஸ்துமஸ் மரத்தைக் கலைத்து, கண்ணாடி உருண்டைகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பார்கள். செர்பியருக்கோ அன்று மாலைதான் பண்டிகை தொடங்குகிறது. ஓக் கிளையைக் கொண்டுவந்து நெருப்பிலிடுவார்கள். தரையில் வைக்கோல் பரப்புவார்கள். அறையின் நான்கு மூலையிலும் அக்ரூட் கொட்டைகளை எறிவார்கள். மறுநாள் வட்ட ரொட்டி. உள்ளே ஒரு நாணயம் வைத்துச் சுட்டது. கத்தி வைக்கக் கூடாது. எல்லோரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுழற்றிப் பிய்ப்பார்கள். மாவு ஒட்டிய நாணயம் யார் துண்டில் வருகிறதோ, அந்த வருஷ அதிர்ஷ்டம் அவருக்கு. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பண்டிகை முடிந்த அலுப்பு, அந்தப் பக்கம் அடுப்பில் ரொட்டி. இதைவிட அழகான அக்கம்பக்கம் எனக்குத் தெரியவில்லை.

தீவில் இன்னொரு கூட்டமும் இருந்தது. ஸிகெட்சேப் போன்ற ஊர்களில் செர்பியரும் ஹங்கேரியரும் ஜெர்மானியரும் கலந்து வாழ்ந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் செர்பியர் பலர் யூகோஸ்லாவியக் குடியுரிமையைத் தேர்ந்து கிளம்பிவிட்டார்கள். ஜெர்மானியருக்குத் தேர்வே இல்லை. 1941 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி ஜெர்மன் என்று உண்மையைச் சொன்னது போதும், 1946 முதல் நாட்டை விட்டு ரயிலேற்றுவதற்கு. விதிவிலக்குகள் சில இருந்தன. அதனால் இந்த அநியாயம் சிறிதாகிவிடாது. 1690இல் ஒரு பேரரசர் அந்நியரின் நாட்காட்டிக்கு இடம் கொடுத்த தேசம் அது.

2100இல் இடைவெளி பதினான்கு நாளாகும். 2101இல் செர்பியக் கிறிஸ்துமஸ் ஜனவரி 8. லோரேவில் அன்றைக்கும் நாணயம் வைத்து ரொட்டி சுட ஆள் இருக்க வேண்டும். கூடவே, அவர்கள் ஏன் இவ்வளவு தாமதமாகக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்கப் பக்கத்து வீட்டில் ஒரு ஹங்கேரியக் குழந்தையும் இருக்க வேண்டும்.