திரும்பி வந்த தண்ணீர்

மழை என்றால் எமக்குப் பல நினைவுகள் வரும். தறப்பாள் கொட்டிலுக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விடியும் வரை குந்தியிருந்த இரவுகள் உங்களிற் பலருக்கும் இருந்திருக்கும். 2009 இல் கணவரைத் தொலைத்தேன். 2010 இல் முகாமிலிருந்து கைக்குழந்தையோடு கிளிநொச்சியிலுள்ள எமது ஊருக்குத் திரும்பினேன். 2013 இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது. நானும் கல் சுமந்து, மண் சுமந்து வீட்டைக் கட்டி முடித்தேன். இனி மழைக்குப் பயமில்லை என்றுதான் நினைத்தேன்.

ஆனால் எமது வளவு பள்ளக்காணி. பிறகு ஒழுங்கைக்குக் கிரவல் போட்டு உயர்த்தினார்கள். அதன்பின் மாரி தொடங்கினால் குசினிக்குப் பின்னால் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். குளிக்கும் தண்ணீரும் கோப்பை கழுவும் தண்ணீரும் அதனோடு சேர்ந்துவிடும்.

சீட்டுக்காசு எடுத்து, தண்ணீருக்குள் தாழ்த்தி வைக்கும் சிறிய மோட்டர் ஒன்று வாங்கினேன். குசினிக்குப் பின்னால் மூன்றடி ஆழத்தில் கிடங்கு வெட்டி அதை இறக்கினேன். ஹோஸை வேலிக்கு வெளியே ஒழுங்கையில் விட்டேன். ஆம்பிளை இல்லாத வீடு என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது என்று ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

2018 மார்கழியில் பெருமழை வந்தது. இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்துவிட்ட நாட்கள் அவை. எமது மோட்டர் இரவு பகலாக ஓடியது. ஆனாலும் கிடங்கு வற்றவில்லை. கிணற்றுத் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகிவிட்டது. அந்த நேரத்தில் பக்கத்து வளவு அக்கா வேலியடியில் வந்து நின்றா.

“தங்கச்சி, உன்ரை வளவுத் தண்ணியை என்ரை தலையிலை ஊத்துறியோ?”

“என்ரை வீட்டுக்கை வந்தால் நான் என்ன செய்யிறது அக்கா?” என்று நானும் சூடாகத்தான் சொன்னேன். ஒரே முகாமில் ஒரே வாளியில் தண்ணீர் அள்ளியவர்கள் நாங்கள். அன்றிலிருந்து முகம் பாராமல் இருந்தோம்.

அன்று மாலை மோட்டர் நின்றுவிட்டது. சுவிட்சை நிறுத்தாமல், நனைந்த காலோடு தண்ணீருக்குள் இறங்கி வயரைத் தொட்டேன். கரண்ட் அடித்துத் தூக்கி எறிந்தது. மகள் குழறிய சத்தம் இன்னும் காதில் இருக்கின்றது. அவளுக்கு அப்போது பத்து வயது. தகப்பனில்லாத பிள்ளை தாயையும் இழந்திருக்குமே என்று இரவு முழுக்க நெஞ்சு படபடத்தது.

மறுநாள் வயர் வேலை தெரிந்த தம்பி ஒருவர் வந்து பார்த்தார். எர்த் வயர் இல்லை, ட்ரிப் சுவிட்சும் வேலை செய்யவில்லை. இரண்டையும் சரிசெய்தார். குழாயில் ஒருபக்க வால்வு இல்லாததால் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் குழாய்த் தண்ணீர் கிடங்குக்கே திரும்பி விழுவதையும் காட்டினார். சேறு அடைக்காமல் இருக்கப் பழைய பெயின்ற் வாளியில் துளைகள் போட்டு, அதனுள் மோட்டரை வைத்து, சுற்றிவர சல்லிக்கல் போடச் சொன்னார்.

எல்லாம் செய்தும் கிடங்கு நிரம்பிக்கொண்டே இருந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தது மகள்தான். ஹோஸின் வாயடியில் கடதாசிக் கப்பல் விட்டு விளையாடியவள் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். “அம்மா, என்ரை கப்பல் திரும்பி வந்திட்டுது!”

போய்ப் பார்த்தேன். உயரமான ஒழுங்கையில் ஊற்றிய தண்ணீர் போக வழியில்லாமல், பாதி அக்காவின் வளவுக்கும் பாதி எமது வேலிப் பொட்டால் கிடங்குக்கும் வந்துகொண்டிருந்தது. ஒரே தண்ணீரைத்தான் இரண்டு நாளாக இறைத்திருக்கின்றேன். மின்சாரக் காசும் அக்காவின் உறவும்தான் அதனால் போனவை.

மழை விட்டதும் நானே அக்காவின் படலையைத் திறந்து போனேன். “பிழை என்னிலைதான் அக்கா” என்றேன். அவ ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி போட்டுத் தந்தா.

பிறகு இருவருமாக மட்டம் பார்த்தோம். கண்ணாடிபோன்ற ஹோஸ் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு தடிகளோடு பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். எது மேடு, எது பள்ளம் என்று அதில் தெரியும். எமது குசினியடியிலிருந்து 120 அடி தூரத்தில் இருந்த பழைய மதகு ஒன்றரை அடி பதிவாக இருந்தது. கிரவல் போட்டபோது அதன் வாய் மண்ணால் மூடுப்பட்டிருந்தது. ஏழு வீட்டுப் பெண்களும் ஒப்பமிட்டுக் கடிதம் கொடுத்தோம். இரண்டாவது கடிதத்தின் பின் மதகைத் துப்புரவாக்கித் தந்தார்கள்.

வாய்க்காலை நாங்களே வெட்டினோம். எட்டு அடிக்கு ஓர் அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். 120 அடிக்கு 15 அங்குலம் போதும். எமக்கு 18 அங்குலம் இருந்தது. வாய்க்கால் போவதற்குத் தன் வளவில் ஒன்றரை அடி அகலத்தில் ஒரு கீலம் நிலம் தந்தா அக்கா. குசினித் தண்ணீரை வாழையடிக்குத் திருப்பினேன். கிணற்றுக் கட்டை உயர்த்தினேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்றுக்குக் குளோரின் இடுவித்தேன். அதன்பின்னும் கொதித்தாறிய நீரையே குடிக்கின்றோம்.

2020 மார்கழியில் புரெவிப் புயல் மழையின்போது மோட்டர் இரண்டு மணித்தியாலம் மட்டுமே ஓடியது.

சகோதரிகளே, மோட்டர் வாங்க முன்னர், இறைக்கும் தண்ணீர் எங்கே போகும் என்று பாருங்கள். மாரிக்கு முன்னர், ஆவணி புரட்டாதியிலேயே பாருங்கள். மின்சாரத்தை நிறுத்தாமல் தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள். பக்கத்து வளவோடு கோபமென்றால் மழைக்கு முன்னரே போய்ப் பேசிவிடுங்கள். ஒரு வளவில் மட்டும் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் அடுத்த வேலியோடு நின்றுவிடும்.