பன்னிரண்டாவது ஆள்

காலேஜ் ஸ்டேஷன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஓர் ஊரின் பெயரே இதுதான். கல்லூரிக்காக ரயில் நின்ற இடம், நாளடைவில் ஊராகிவிட்டது. அங்கே இருக்கும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ‘கைல் ஃபீல்டு’ ஸ்டேடியத்தில் 1,02,700-க்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். உட்காரலாம் என்பது கணக்குக்குத்தான். மாணவர் பகுதியில் யாரும் உட்காருவதில்லை. ஆட்டம் மூன்றரை மணி நேரம் ஓடினாலும், செப்டம்பர் வெயில் மண்டையைப் பிளந்தாலும், நின்றுகொண்டுதான் பார்க்கிறார்கள்.

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியும் ரொனால்டோவும் நினைவுக்கு வந்தால், அது வேறு, இது வேறு. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிய பதினொரு பேர், எதிரே நிற்கும் பதினொரு பேரை இடித்துத் தள்ளி, கஜம் கஜமாக முன்னேறும் ஆட்டம் இது. 1869 நவம்பர் 6-ம் தேதி நியூஜெர்சியில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் மோதியதைத்தான் முதல் கல்லூரி ஆட்டம் என்கிறார்கள். தொழில்முறை அணிகளெல்லாம் பிறகு வந்தவைதான். இன்றைக்கும் ஒரு லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் கல்லூரி ஸ்டேடியங்கள் அமெரிக்காவில் ஏழெட்டு இருக்கின்றன. பெரிய நகரங்களுக்குத் தொழில்முறை அணி உண்டு. சின்ன ஊர்களுக்குக் கல்லூரிதான் எல்லாம். அங்கே படித்தவருக்கு எழுபது வயதானாலும் சனிக்கிழமை என்றால் அந்தக் கல்லூரியின் நிறத்தில்தான் சட்டை.

ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு வழக்கம் உண்டு. அயோவா பல்கலைக்கழக ஸ்டேடியத்தை ஒட்டிக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று இருக்கிறது. முதல் கால் பகுதி ஆட்டம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் திரும்பி நின்று, மேல்மாடி ஜன்னல்களில் இருக்கும் குழந்தைகளுக்குக் கையசைக்கிறது. 2017-ல் தொடங்கியது இது. எதிரணி ரசிகர்களும் சேர்ந்து கையசைக்கிறார்கள். ஆனால் வழக்கங்களுக்கென்றே பெயர் வாங்கிய இடம் என்றால் அது காலேஜ் ஸ்டேஷன்தான்.

அவர்கள் ஏன் உட்காருவதில்லை என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1922 ஜனவரி 2. டல்லாஸ் நகரில் ஏ அண்ட் எம் அணிக்கும் சென்டர் காலேஜ் அணிக்கும் ஆட்டம். சென்டர், அந்தப் பருவத்தில் ஹார்வர்டையே தோற்கடித்திருந்த அணி. ஏ அண்ட் எம் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் காயம்பட்டு வெளியே வர, மாற்று ஆட்கள் தீர்ந்துபோகும் நிலை. பயிற்சியாளர் டானா பைபிளுக்கு ஈ. கிங் கில் என்ற மாணவரின் நினைவு வந்தது. அவர் அணியில் இருந்தவர்தான். கூடைப்பந்து ஆடுவதற்காக விலகியிருந்தார். அன்று பத்திரிகையாளர் பகுதியில் உட்கார்ந்து, யார் எந்த ஆட்டக்காரர் என்று அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் கீழே கூப்பிட்டார்கள். காயம்பட்ட ஒருவரின் உடுப்பை மாட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே வந்து நின்றார் கில். கடைசிவரை நின்றார்.

ஏ அண்ட் எம் 22-14 என்று ஜெயித்தது. கில் ஒரு விநாடிகூட ஆடவில்லை!

ஆடாத ஒருவருக்கு சிலை வைத்திருக்கிறார்கள். இதுதான் இந்தக் கதையின் அழகு. அவர் ஓடவில்லை, பந்தைத் தொடவில்லை. தேவைப்பட்டால் இறங்கத் தயாராக நின்றார், அவ்வளவுதான். அதனால் அங்குள்ள மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்களை அணியின் பன்னிரண்டாவது ஆளாக நினைத்துக்கொண்டு நிற்கிறார்கள். 1983-ல் ஜாக்கி ஷெரில் என்ற பயிற்சியாளர், சாதாரண மாணவர்களை மட்டும் வைத்து ஒரு கிக்-ஆஃப் குழுவையே இறக்கிப் பார்த்தார். இன்றும் உதவித்தொகை இல்லாமல் அணியில் சேரும் ஒருவருக்கே 12-ம் எண் சட்டை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. ‘பன்னிரண்டாவது ஆள்’ என்ற சொல்லைப் பல்கலைக்கழகம் 1990-ல் வணிக முத்திரையாகப் பதிவுசெய்துவிட்டது. அதைப் பயன்படுத்திய சியாட்டில் தொழில்முறை அணி மீது 2006-ல் வழக்கும் போட்டது. கடைசியில் பணம் கட்டி உரிமம் வாங்கிக்கொள்வதாக சமாதானம் ஆனது. தியாகத்துக்கும் டிரேட் மார்க் உண்டு போலிருக்கிறது.

ஏ அண்ட் எம் 1876-ல் விவசாயம், எந்திரவியல் கற்பிக்கத் தொடங்கப்பட்ட கல்லூரி. விவசாயத்துக்கான ஆங்கிலச் சொல்லைச் சுருக்கித்தான் மாணவர்களை ‘ஆகீஸ்’ என்கிறார்கள். நெடுங்காலம் எல்லோரும் ராணுவப் பயிற்சி பெறும் ஆண்கள் மட்டுமே படித்த இடம். 1963-ல்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது. அந்தப் பாசறை வாசனை இன்னும் போகவில்லை. சியர்லீடர்கள் கிடையாது, மாணவர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஐந்து ‘யெல் லீடர்கள்’ வெள்ளை உடையில் நின்று கையசைவுகளால் கூட்டத்தை நடத்துகிறார்கள். சொந்த ஊர் ஆட்டத்துக்கு முந்தைய நாள் நள்ளிரவில் ஸ்டேடியத்தில் கூடி, மறுநாள் போட வேண்டிய கோஷங்களை ஒத்திகை பார்ப்பார்கள். முடிவில் விளக்கை அணைப்பார்கள். ஜோடியாக வந்தவர்கள் முத்தமிட்டுக்கொள்ளலாம். தனியாக வந்தவர்கள் லைட்டரை ஏற்றிப் பிடித்து, ‘எனக்கும் ஆள் இல்லை’ என்று தெரியப்படுத்தலாம்!

அணியின் சின்னம் ஒரு நாய். பெயர் ரெவெலி. 1931-ல் மாணவர்கள் சிலர் ஓட்டிவந்த கார், தெருநாய் ஒன்றின் மீது மோதிவிட்டது. அதை விடுதிக்குத் தூக்கிவந்து வைத்தியம் பார்த்தார்கள். மறுநாள் காலை ராணுவ எழுப்பு இசை ஒலித்ததும் அது குரைத்தது. அந்த இசையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இப்போதுள்ள ரெவெலி உயர்ஜாதி கோலி. வகுப்பில் அது குரைத்தால் வகுப்பு முடிந்தது என்பது வழக்கம். இறந்த ரெவெலிகளை ஸ்டேடியத்தின் வாசலில் புதைத்திருக்கிறார்கள், ஸ்கோர்போர்டைப் பார்த்தபடி. ஸ்டேடியத்தை விரிவாக்கியபோது ஸ்கோர்போர்டு மறைந்துபோனது. உடனே அந்த நாய்களுக்காக வெளியே தனியாக ஒரு சின்ன ஸ்கோர்போர்டு வைத்தார்கள். சிரிப்பு வரும்தான். ஆனால் அந்த ஊரில் யாரும் இதை வேடிக்கையாகச் சொல்வதில்லை.

படித்துக்கொண்டிருக்கும் மாணவர் யாராவது இறந்துவிட்டால், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை இரவு பத்தே காலுக்கு வளாக விளக்குகளை அணைத்துவிட்டு, பல்லாயிரம் பேர் படிக்கும் இடத்தில் இருட்டில் மௌனமாக நிற்கிறார்கள். துப்பாக்கி மரியாதை முடிந்ததும் ஊதுகொம்பில் மூன்று முறை இசைக்கிறார்கள். வடக்கு, தெற்கு, மேற்கு. கிழக்குப் பக்கம் மட்டும் இல்லை. அந்த மாணவருக்கு இனி சூரியன் உதிக்காது.

இத்தனை கட்டுக்கோப்பான ஓர் இடத்தில்தான் அந்த விபத்து நடந்தது.

ஆகீஸின் பரம எதிரி, சுமார் 170 கிலோமீட்டர் தள்ளி ஆஸ்டின் நகரில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம். நவம்பரில் நன்றி தெரிவிக்கும் திருநாளை ஒட்டி இருவருக்கும் ஆட்டம். அதற்கு முன்பு பிரமாண்டமான சொக்கப்பானை ஒன்றைக் கொளுத்துவது ஏ அண்ட் எம் வழக்கம். ‘பான்ஃபயர்’ என்று பெயர். 1900-களின் தொடக்கத்தில் குப்பையையும் பழைய மரத்தையும் குவித்துக் கொளுத்தியதுதான். 1935-ல் எரிப்பதற்காக ஒரு விவசாயியின் மரக் களஞ்சியத்தையே மாணவர்கள் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இது சரிப்படாது என்று கல்லூரியே மரமும் கோடரியும் கொடுத்து, அதை அதிகாரபூர்வ நிகழ்ச்சியாக்கியது. அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. 1969-ல் 109 அடி உயரம்!

மரம் வெட்டுவது, ஏற்றுவது, அடுக்குவது எல்லாமே மாணவர்கள்தான். தலைமை தாங்குகிறவர்களுக்குச் சிவப்பு ஹெல்மெட். நடுவில் ஒரு கம்பம். அதைச் சுற்றி மரத்துண்டுகளைச் செங்குத்தாக அடுக்கி, கல்யாண கேக் மாதிரி தட்டுத்தட்டாக மேலே கொண்டுபோவார்கள். உச்சியில் எதிரணியின் ஆரஞ்சு நிறம் பூசிய ஒரு மரக் கழிவறை. எந்த வருடமும் பொறியாளர் ஒருவர் வரைந்து கையெழுத்திட்ட வரைபடம் இருந்ததில்லை. சீனியர் சொல்வான், ஜூனியர் செய்வான். அடுத்த வருடம் அவன் சீனியர். இத்தனைக்கும், நாட்டின் பெரிய பொறியியல் கல்லூரிகளில் ஒன்று அதே வளாகத்தில்தான் இருக்கிறது.

1994-ல் பலத்த மழையில் அடுக்கு சரிந்தது. ஈர மண்தான் காரணம் என்று சொல்லி, பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினையாகிப் போனது. ஒன்றும் ஆகாமல் தப்பித்த சம்பவம், எச்சரிக்கையாகத் தெரியாமல் வீரக்கதையாக மாறிவிடுகிறது.

1999 நவம்பர் 18, அதிகாலை 2.42 மணி. சுமார் 5,000 மரத்துண்டுகளால் ஆன, 59 அடி உயர அடுக்கு சரிந்தது. அதன்மேல் ஏறி வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஐம்பதுக்கும் மேல். 12 பேர் இறந்தார்கள். அதில் 11 பேர் மாணவர்கள், ஒருவர் முன்னாள் மாணவர். 27 பேர் காயம்பட்டார்கள். கிரேனை வைத்து இழுத்தால் உள்ளே சிக்கியவர்கள் நசுங்கிவிடக்கூடும் என்பதால், பல மரங்களைக் கைகளாலேயே அகற்ற வேண்டியிருந்தது. பயிற்சியை விட்டுவிட்டு ஃபுட்பால் அணியினரும் வந்து மரம் தூக்கினார்கள்.

எதிரி ஊரான ஆஸ்டினில், ஆகீஸுக்கு எதிராக வழக்கமாக நடத்தும் மெழுகுவத்திக் கூட்டத்தை ரத்து செய்தார்கள். அதற்குப் பதிலாக இரு கல்லூரிக்காரர்களும் சேர்ந்து அஞ்சலி செலுத்தினார்கள். மாணவர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள்.

எட்டு நாள் கழித்து ஆட்டம். நடத்தலாமா என்ற கேள்வி எழுந்தது, நடத்தினார்கள். 86,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். இடைவேளையில் டெக்சாஸ் பல்கலைக்கழக பேண்டு குழு, வெற்றிப் பாட்டுக்குப் பதிலாக இரங்கல் இசை வாசித்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றது. அடுத்து வந்த ஏ அண்ட் எம் பேண்டு, தன் நிகழ்ச்சி முடிந்ததும் வழக்கமான ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல் மௌனமாக நடந்து வெளியேறியது. இடைவேளையில் 16-6 என்று பின்தங்கியிருந்த ஏ அண்ட் எம், கடைசியில் 20-16 என்று ஜெயித்தது. இறுதி நிமிடத்தில் எதிரணியின் கையிலிருந்து நழுவிய பந்தைப் பிடித்த ஆட்டக்காரர், அப்படியே முழங்காலிட்டு இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி நீட்டிய படம் இன்றும் பகிரப்படுகிறது.

2000 மே மாதம் விசாரணைக் குழு அறிக்கை வந்தது. இரண்டாம் தட்டின் மரங்களை முதல் தட்டுக்குள் ஆப்பு மாதிரி இறுக்கிச் சொருகியிருந்தார்கள். முந்தைய ஆண்டுகளில் சுற்றிக் கட்டிய எஃகு வடம் இந்த முறை இல்லை. அழுத்தம் தாங்காமல் அடித்தட்டு வெடித்து விரிந்தது. அறிக்கை அதோடு நிற்கவில்லை. மாணவர்கள் என்ன கட்டுகிறார்கள் என்று பல்கலைக்கழகம் ஏன் கேட்கவே இல்லை என்பதற்கும் பதில் தேடியது. குடிக்கிறார்களா, மரம் வெட்டும்போது அடிபடுகிறதா என்றெல்லாம் கவனித்த நிர்வாகம், அந்தக் கட்டுமானம் நிற்குமா என்று மட்டும் கேட்கவில்லை. பாரம்பரியத்தின் மேல் இருந்த பற்றே கண்ணை மறைத்தது என்பதுதான் அறிக்கையின் சாரம். நிர்வாகத்தில் பலர் அதே கல்லூரியில் படித்தவர்கள். தங்கள் காலத்தில் மரம் தூக்கியவர்கள். தாங்கள் செய்ததைத் தப்பு என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

2002-ல், வளாகத்தில் இனி பான்ஃபயர் இல்லை என்று அறிவித்தார்கள். மாணவர்கள் விடவில்லை. அதே ஆண்டு முதல், வளாகத்துக்கு வெளியே, பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லாமல் ஒரு பான்ஃபயர் எரிகிறது. இப்போது ஒவ்வொரு மரமும் தரையைத் தொட்டு நிற்க வேண்டும் என்று விதி. ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டைத் தூக்கி வைப்பதில்லை.

2011-க்குப் பிறகு ஏ அண்ட் எம் வேறு லீகுக்குப் போய்விட்டது. பரம எதிரிகள் சந்திப்பதே நின்றுபோனது. பின்னணியில் தொலைக்காட்சிப் பணம். நூறாண்டுப் பகை கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூடப் பெறவில்லை. பணம் என்றால் சாதாரணப் பணமில்லை. 2023-ல் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளரை நடுவில் அனுப்பிவைத்தபோது ஒப்பந்தப்படி தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கும் மேல். இருந்தாலும் அத்தனை ஆண்டுகளும், ஆடாத எதிரியை வம்புக்கு இழுக்கும் வரிகளைத் தங்கள் போர்ப்பாட்டில் விடாமல் பாடிக்கொண்டிருந்தார்கள் ஆகீஸ். தோளோடு தோள் கோத்து இடமும் வலமுமாக அசைந்து அவர்கள் அதைப் பாடும்போது ஸ்டேடியத்தின் மேல்தளம் ஆடுவது கண்ணுக்கே தெரியும்.

டெக்சாஸ் பல்கலைக்கழகமும் அதே லீகுக்கு வந்து சேர, 2024 நவம்பர் 30-ம் தேதி மறுபடி மோதினார்கள். ஆட்டம் திரும்புகிறதே, பான்ஃபயரையும் வளாகத்துக்குக் கொண்டுவரலாமா என்ற பேச்சு அதற்கு முன்பே கிளம்பியிருந்தது. பொறியாளர்களையும் ஒப்பந்தக்காரர்களையும் வைத்துக் கட்டலாம் என்றார்கள் சிலர். கூலிக்கு ஆள் வைத்துக் கட்டினால் அது பான்ஃபயரே இல்லை என்றார்கள் வேறு சிலர். பிள்ளைகளை இழந்த பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம் என்று 2024 ஜூனில் பல்கலைக்கழகத் தலைவர் முடிவு சொன்னார். ஆட்டத்தில் டெக்சாஸ் 17-7 என்று ஜெயித்துவிட்டுப் போனது.

அடுக்கு சரிந்த இடத்தில் 2004-ல் திறந்த நினைவிடம் இருக்கிறது. வட்டமாகக் கற்கள்; அதில் 12 வாசல்கள். ஒவ்வொரு வாசலும் இறந்த ஒருவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறது. வாசல்களுக்கு இடையே காயம்பட்ட 27 பேருக்காக 27 கற்கள். ஆண்டுதோறும் நவம்பர் 18 அதிகாலை 2.42 மணிக்கு அங்கே கூடுகிறார்கள். இப்போது வருகிற மாணவர்களில் பெரும்பாலோர் அந்த விபத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். 12 பெயர்களையும் வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் இருட்டில் இருந்து கூட்டம் பதில் சொல்கிறது: “இங்கே.”