ஒட்டுக்கடைக் குறிப்புகள்

நெகிரி செம்பிலானில் சிலியாவ், ரந்தாவ் பக்கம் செம்பனைக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. என்ன இருக்கிறது என்று கேட்டால் அக்கா சட்டி மூடியைத் திறந்து காட்டுவார். இன்றைக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல், நெத்திலி சம்பல், பாகற்காய்ப் பொரியல், ரசம். நாளைக்கு வேறு.

பாரிஸில் தெருமுனை பிஸ்ட்ரோக்களின் வழக்கமும் இதுதான். அன்றைய சமையலைக் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதி வைப்பார்கள். பயறோடு வெந்த உப்புப் பன்றியிறைச்சி, வெங்காய சூப், கூஜாவில் ஒயின். தீர்ந்தால் அழித்துவிடுவார்கள்.

*

அந்தக் கடைகள் பலவற்றைத் தொடங்கியவர்கள் பாரிஸ்காரர்கள் அல்லர். 19ஆம் நூற்றாண்டில் ஓவெர்ஞ் மலைநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தண்ணீர் சுமந்தார்கள், விறகும் கரியும் விற்றார்கள். புருஷன் கரி மூட்டையோடு மாடிப்படி ஏற, மனைவி கடை ஓரத்தில் ஒயின் ஊற்றிக் கொடுத்தாள். காலப்போக்கில் கரி வியாபாரம் போனது, சாப்பாடு நிலைத்தது. பால்மரம் வெட்டி முடித்த கையோடு லயத்து வாசலில் அடுப்பு மூட்டித் தோசை சுட்டு விற்ற நம் பெண்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

*

கடையைச் சுற்றி நிற்கும் செம்பனைக்கும் ஒரு பிரெஞ்சுக்காரரோடு சம்பந்தம் உண்டு. ஆன்றி ஃபோகொனியே 1905இல் மலாயா வந்தவர். ரப்பர் போட்டார். 1917இல் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். நாட்டில் வணிக அளவில் செம்பனை தொடங்கியது அங்கேதான். பிறகு 'மலேசி' என்ற நாவல் எழுதி 1930இல் கொங்கூர் பரிசு வாங்கினார். இன்று இந்தக் கடைப் பக்கம் ரப்பர் காட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

*

பிஸ்ட்ரோவின் ஒயின் இடத்தில் தோட்டத்தில் இருந்தது கள். ஆனால் இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்கு மனம் வராது. கள்ளுக்கடை தோட்ட நிர்வாகத்தின் கைக்குள் இருந்தது. கொடுத்த கூலியில் ஒரு பங்கு அந்தக் கடை வழியே திரும்பிப் போனது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. சோற்றுக் கடை நம் ஆட்கள் தாங்களாகவே போட்டது. அதனால்தான் இதன்மேல் எனக்கு இவ்வளவு பாசம்.

*

பிரட்டல் பற்றி. குழம்பு ஒதுங்கி நிற்கக் கூடாது; இறைச்சியோடு ஒட்ட வேண்டும். பட்டை, பூ, சீரகம், கறிவேப்பிலை, மில்லில் அரைத்த மசாலைத் தூள். தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்த பிறகும் அக்கா இறக்குவதில்லை. தணலைத் தள்ளிவிட்டு அடி பிடிக்காமல் புரட்டிக்கொண்டே இருக்கிறார். கருத்துவிட்டதோ என்று நாம் பயப்படும் நேரத்தில்தான் இறக்குகிறார். அந்தச் சட்டியிலேயே ஒரு கரண்டி சோற்றைப் போட்டுப் பிசறி, கேட்கத் தெரிந்தவர்களுக்கு இலையில் வைப்பார்.

"போன வாரம் வயிறு சரியில்லன்னீங்களே தம்பி, இன்னிக்கு ரசத்தோட நிறுத்திக்குங்க." பக்கத்து மேசைக்காரர் மறுபேச்சு இல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

*

கல்லாவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு 555 புத்தகங்கள், ரப்பர் வளையம் போட்ட கட்டு. கடன் கணக்கு. சம்பள நாளில் அடைத்ததும் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. முன்பு அதில் எல்லாம் லயத்துப் பெயர்கள். லயத்துக்காரர்கள் சிரம்பான், நீலாய்ப் பக்கம் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். இப்போது குலை வெட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும். அட்டைகளில் அவர்கள் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார் அக்கா. ஒருமுறை மீனில் கடுகு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்றேன். "அந்தப் பசங்களுக்குப் பிடிக்குது" என்றார்.

*

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறும்போது கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் மாற்று நிலம் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். இந்தக் கடைகளுக்காகவும் ஓர் ஓரம் கேட்டால் என்ன? புதிய கடைவீட்டு வாடகை இவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

*

போகிறவர்கள் ஒரு மணிக்கு முன்பே போய்விடுங்கள். பிரட்டல் அதற்குமேல் தங்காது.