ரட்ஜ் வண்டியும் என் கைப்பிரம்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஜி.டி. நாயுடு கதை மறந்திருக்காது. வருசா வருசம் சொல்லுவேன். 1893-ல் சூலூர் பக்கம் கலங்கலில் பிறந்தவர். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை, மூன்றாம் வகுப்போடு சரி. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அன்றே அந்த ஆசை பிடித்துக்கொண்டது. கோயமுத்தூரில் ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்து, காசு சேர்த்து, ரட்ஜ் வண்டி ஒன்றை வாங்கினார். வாங்கியதும் அக்கு அக்காகப் பிரித்து, மறுபடி மாட்டினார். அதுதான் அவர் படித்த காலேஜ்.

போன மாதம் என் மொபெட் சத்தி ரோட்டில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே அன்னூரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "சார், வாங்க சார், உக்காருங்க" என்று ஓடி வந்தான் என் பழைய மாணவன். தரையில் ஒரு பழைய புல்லட் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தான்.

வண்டி ரெடியாகும் வரை ரட்ஜ் கதை பேசினேன். இங்கிலாந்தில் கவென்ட்ரி ஊரில் சைக்கிள் செய்த கம்பெனி அது. 1911 முதல் ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். முதல் உலகப் போர் முடிந்தபின், 1924-ல், ஒரே சிலிண்டருக்கு நாலு வால்வு, நாலு கியர் என்று புது வண்டி கொண்டுவந்தார்கள். 1928-ல் அயர்லாந்தின் அல்ஸ்டர் பந்தயத்தில் கிரஹாம் வாக்கர் மணிக்குச் சராசரி 80 மைலைத் தாண்டி ஓட்டி ஜெயித்தார். அதன் நினைவாக அடுத்த மாடலுக்கே 'அல்ஸ்டர்' என்று பெயர். 1930-ல் மான் தீவு ஜூனியர் பந்தயத்தில் முதல் மூன்று இடமும் ரட்ஜுக்கு.

"ஒரு சிலிண்டருக்கு எதுக்கப்பா நாலு வால்வு?" என்று கேட்டேன்.

கையிலிருந்த வால்வைக் காட்டினான். "பெருசு ரெண்டுக்குப் பதிலா சிறுசு நாலுங்க சார். சிறுசுன்னா வெயிட்டு கம்மி, வேகமா ஓடுறப்ப டக்குனு மூடும். வழியும் அதிகம், இன்ஜின் நல்லா மூச்சு விடும்." நான் முப்பது வருடம் நடத்திய பாடத்தில் இவ்வளவு தெளிவு இருந்ததா, தெரியவில்லை.

அவ்வளவு ஜெயித்தும் ரட்ஜ் நிலைக்கவில்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் ஏறியது. இசைத்தட்டு செய்யும் ஈ.எம்.ஐ. கம்பெனி வாங்கியது. இரண்டாம் போர் வந்ததும் உற்பத்தியே நின்றுபோனது. ஆனால் அதே இருபது வருடத்தில் இங்கே நாயுடு, 1920-ல் பொள்ளாச்சி–பழனி ஒற்றை பஸ்ஸில் ஆரம்பித்து, பெரிய பஸ் கம்பெனியே நடத்தினார். 1937-ல் எலெக்ட்ரிக் மோட்டார் வரை வந்துவிட்டார்.

கதை முடிந்ததும் அவன் சிரித்தான். "சார், நீங்க அன்னைக்கே சொன்னீங்கள்ல, நான் ஸ்பேனர் புடிக்கத்தான் லாயக்குன்னு. அப்படியேதாங்க நடந்துச்சு."

கேலி இல்லை, கோபம் இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

எட்டாம் வகுப்பில் அவன் வகுப்பறைக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டிருந்தான். பிரம்பால் அடித்து, எல்லோர் எதிரிலும் அந்த வார்த்தையைச் சொன்னேன். அடுத்த வருடம் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. அதே வருடமும் நாயுடு கதையைச் சொல்லி, நீங்கள் கை தட்டினீர்கள். பிரித்துப் பார்த்த ஒரு பையனைப் புகழ்ந்த வாயால்தான் இன்னொரு பையனைத் திட்டியிருக்கிறேன்.

"அன்னைக்கு நான் பண்ணினது தப்புப்பா" என்றேன். "அட, விடுங்க சார்" என்று டீ வாங்கப் போய்விட்டான். காசும் வாங்கவில்லை.

உங்களில் பலர் இன்று வாத்தியார்கள், பெற்றோர்கள். பிள்ளைகள் எதையாவது பிரித்தால் திட்டாதீர்கள். திருப்பி மாட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

அந்த எட்டாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு: அன்றைக்கு உங்கள் எதிரில்தான் அவனைச் சொன்னேன். அதனால் உங்கள் எதிரிலேயே சொல்கிறேன். தப்பு என்னுடையது.