அம்மாவின் கால்புள்ளி

என் தாயார் பென்ஸிலால் எழுதிவைத்த பாட்டு நோட்டு ஒன்று வீட்டில் இருந்தது. அதிலுள்ள ஒரு கீர்த்தனத்தை அவள் பாடக் கேட்டிருக்கிறேன், மெட்டு மறந்துவிட்டது. என் தமக்கைக்கும் நினைவில்லை. ஆகவே, நாற்பத்தைந்தாம் வயதில் ஸ்வரக் குறிப்பைப் படிக்கத் துணிந்தேன். ஸ்வரங்கள் சிறு வயதில் பழகியவை. தாளக் கணக்குதான் தகராறு.

குறிலும் நெடிலும் சிரமம் தரவில்லை. இலக்கணத்து மாத்திரைபோல், 'ஸ' என்றால் ஒன்று, 'ஸா' என்றால் இரண்டு. தலைமேல் கோடிருந்தால் காலம் பாதியாகும். செங்குத்தான இரட்டைக் கோடு வந்தால் ஆவர்த்தம் முடிந்தது. ஆதி தாளத்தில் லகுவுக்கு நான்கு, இரண்டு துருதங்களுக்கு நான்கு, ஆக 8 எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நான்கு வீதம் 32 வரவேண்டும். எனக்கோ முதல் வரியில் 27தான் வந்தது! அம்மா தப்பாக எழுதிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். (குற்றத்தைப் பெற்றவள் தலையில் ஏற்றுவது எவ்வளவு சுலபம்!)

பக்கத்து வீட்டுப் பாட்டு வாத்தியார் பார்த்துச் சிரித்தார். "கால்புள்ளிகளை என்ன செய்தீர்கள், ஸார்?" என்றார்.

வாக்கியத்தில் வருவதுபோல் மூச்சு விடும் இடமென்றல்லவா அவற்றை எண்ணியிருந்தேன்! கால்புள்ளிக்கு ஒன்று, அரைப்புள்ளிக்கு இரண்டு. முந்தின ஸ்வரத்தை அவ்வளவு நேரம் நீட்ட வேண்டுமாம். மூன்று கால்புள்ளி, ஓர் அரைப்புள்ளி; காணாமற்போன ஐந்தும் கிடைத்துவிட்டன.

அன்றிரவு கையால் தாளம் போட்டு அந்த வரியை மெல்லப் பாடினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நீட்டுவாளே, அந்த இடம் மூன்றாவது கால்புள்ளியில் வந்தது. சமையலறையிலிருந்து தமக்கை கையில் கரண்டியுடன் ஓடிவந்தாள்.

"இன்னொரு தடவை பாடு" என்றாள்.